பதினேழாம் பக்கம்

ஜனவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் கட்டெறும்பும் எப்படி இருக்கிறீர்கள்? உன் முழங்கால் வலி தேவலையா? படியேறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள் என்றால் கேட்கமாட்டாய், தெரியும். இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

உன் கடிதம் படித்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. பாலர் பள்ளியில் இரண்டாவது பிள்ளையையும் கடித்துவிட்டாளா? என் மகளுக்குக் கட்டெறும்பு என்று செல்லப்பெயர் வைத்தவன் நான்தான். பெயரைக் காப்பாற்றுவாள் என்று அப்போது தோன்றவில்லை. இன்னொரு தடவை கடித்தால் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டீச்சர் சொன்னதை நீ ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டாய். நான் அந்த வரியைப் பத்துத் தடவை படித்தேன். பள்ளியில் வைத்துக்கொள்ள மாட்டேன் என்றால் நீ வேலையை விட வேண்டும். நானோ சுரங்கப்பாதைக்காக மலையைக் குடைந்துகொண்டு கிடக்கிறேன். ஒப்பந்தம் முடிய இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கிறது. நாலு வயசுப் பிள்ளை நான் கிளம்பி வந்த பிறகுதான் கடிக்க ஆரம்பித்தாள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

அதனால் ஒரு வேலை செய்திருக்கிறேன். இதோடு வரும் பார்சலைப் பிரி. உள்ளே ஒரு டேப் இருக்கும், போன் மாதிரிதான், திரை மட்டும் பெரிது. அதில் ஒரு கரடிக்குட்டிப் புத்தகம். குட்டி காலையில் எழுந்ததிலிருந்து தூங்கப் போகும் வரை, பக்கத்துக்கு ஒரு நல்ல பழக்கம், மொத்தம் பதினாறு பக்கம். படிக்கும் குரலை நாமே பதிந்துகொள்ளலாம் என்று எங்கள் முகாமில் மின்சார வேலை பார்க்கும் பெரியவர் கண்டுபிடித்தார். அவரை இங்கே எல்லாரும் கரண்ட்டுக்காரர் என்போம். சாப்பாட்டு இடைவேளையில் சாமான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஐந்து நாள் உட்கார்ந்து பதிந்தோம். ஒவ்வொரு பக்கம் முடியும்போதும் "அடுத்த பக்கம், கண்ணு" என்று சொல்லியிருக்கிறேன்.

இங்கே போன் எடுக்காது. சாமான் லாரி வந்தால்தான் தபால். அவள் அம்மா இறந்துபோனபோது அவளுக்கு ஒரு வயசு. அம்மா குரல் எப்படி இருந்தது என்று அவளுக்குத் தெரியாது. என் குரலும் அந்த மாதிரி ஆகிவிடக் கூடாது, அக்கா. தினமும் ஒரு தடவை போட்டுக் காட்டு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மலைக்குள்ளிருந்து,
உன் தம்பி

*

ஜனவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே இருவரும் சுகம். என் முழங்காலும் சுகம்தான், உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னது.

பார்சல் வந்தது. உடையாமல் வந்திருக்கிறது. பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். நான் கண் மருத்துவமனையில் என்ன செய்கிறேன் என்று மறந்துபோனாயா? காலையிலிருந்து சாயங்காலம் வரை பிள்ளைகளை நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு கண்ணை மூடச் சொல்லி, எதிர்ச் சுவரில் இருக்கும் எழுத்துகளைப் படிக்கவைக்கிறவள் நான். முன்பெல்லாம் கடைசி வரிசையில்தான் தடுமாறுவார்கள். இப்போது இரண்டாவது வரிசையிலேயே நின்றுவிடுகிறார்கள். நேற்று ஒருத்தி வந்தாள், ஆறு வயசு இருக்கும். "டேப் பாப்பியா?" என்றேன். "அம்மா வேலையா இருக்கறப்ப மட்டும்" என்றாள். "அம்மா எப்பெல்லாம் வேலையா இருப்பாங்க?" என்றேன். "எப்பவும்" என்றாள். பக்கத்தில் நின்ற அம்மா கைப்பையில் எதையோ தேட ஆரம்பித்துவிட்டாள்.

அதனால் அதே கரடிக்குட்டிப் புத்தகத்தை அச்சில் தேடிப் பிடித்து வாங்கிவிட்டேன். அதே படம், அதே பதினாறு பக்கம். கீழே விழுந்தால் உடையாது, கண்ணைக் கூசாது, மூடி வைத்தால் வாயை மூடிக்கொண்டு கிடக்கும். தினமும் நானே படித்துக் காட்டுகிறேன்.

முதல் நாளே கூத்து. குழாயடியில் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தால், புத்தகத்தைத் தண்ணீரில் பிடித்துச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். "என்னடி பண்ற?" என்று கத்தினேன். "கரடி கை கழுவணும்ல அத்தை. அதுக்குக் குழாய் எட்டல" என்றாள். அடிக்கக் கை ஓங்கியவள் அப்படியே நின்றுவிட்டேன். நாலு நாள் காயவைத்தும் கரடி கை கழுவும் ஒன்பதாம் பக்கம் இன்னும் அலை அலையாகத்தான் நிற்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு. தூசியில் வேலை செய்கிறவன் முகமூடி இல்லாமல் உள்ளே போகாதே.

அன்புடன்,
அக்கா

*

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலத்துக்குக் குறைவில்லை. நீங்களும் அப்படியே என்று நினைக்கிறேன்.

கரடிக்குக் குழாய் எட்டாத கதையைச் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். பாறை உடைக்கிறவர்கள் சிரித்தால் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது. தட்டெல்லாம் குலுங்கியது.

நீ அச்சுப் புத்தகம் வாங்கியதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. ஆனால் என் குரலை அவள் கேட்டாளா என்று நீ எழுதவில்லையே. எந்தப் பக்கத்தில் சிரித்தாள்? நாலாம் பக்கத்தில் கரடி பல் தேய்க்கும்போது நான் வாயால் நுரை சத்தம் கொடுத்திருக்கிறேன். கரண்ட்டுக்காரர் கேட்டுவிட்டு, "பாறையில ஓட்ட போடறத விட்டுட்டு இதுக்கே போயிடலாம்ப்பா நீ" என்றார். ஒன்பதாம் பக்கத்தில் நடுவே கொஞ்சம் சத்தம் வரும். அதைக் கண்டுகொள்ளாதே. திரும்பப் பதிய நேரமில்லை.

போன வாரம் ஒன்று பார்த்தேன். துளைபோடும் எந்திரத்தை நிறுத்திவிட்டு, பெயர்ந்து விழுந்த பாறையைப் புரட்டினால் உள்ளே ஒரு இலை. இலையே இல்லை, இலையின் அச்சு. நடு நரம்பு, கிளை நரம்பு, ஓரத்தில் பூச்சி கடித்த இடம் வரைக்கும் அப்படியே இருந்தது. மலை மலையாவதற்கு முன்னால் உதிர்ந்த இலையாம், எஞ்சினியர் சொன்னார். அத்தனை பேரும் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு நின்றோம். யாரும் கழற்றச் சொல்லவில்லை. கையில் தூக்காமல், நடு நரம்பை ஒரு விரலால் மட்டும் தொட்டுப் பார்த்தேன். அச்சில் இருப்பதுதான் நிலைக்கும் என்பாயே, உன் கட்சிக்கு ஒரு சாட்சி கிடைத்துவிட்டது.

ஆனாலும் என் குரலைப் போட்டுக் காட்டு. எழுது.

உன் தம்பி

*

பிப்ரவரி 24

அன்புள்ள தம்பிக்கு,

இருவரும் நன்றாக இருக்கிறோம். உன் இலை விஷயத்தை மருத்துவமனையில் சொன்னேன். பெரிய டாக்டரே பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

கட்டெறும்பு உன்னைப் பற்றித்தான் எப்போதும் பேசுகிறாள். அதைப் பற்றி நீ கவலைப்படாதே.

புத்தகம் நன்றாக வேலை செய்கிறது. செருப்பைச் சுவரோரமாக ஜோடி சேர்த்து வைக்கிறாள். எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்கிறாள். என் கண்ணாடியைக்கூட அவள்தான் எடுத்து வைக்கிறாள், நான் போட்ட இடத்தில் விடுவதில்லை. பன்னிரண்டாம் பக்கத்தில் கோபம் வந்தால் கரடி பத்து வரை எண்ணுகிறதல்லவா, அது மட்டும் இன்னும் ஏறவில்லை. ஆறு வரை ஒழுங்காகப் போகிறாள். அதற்கு மேல் நேராகப் பத்து. மூன்று எண்ணைத் தாவினால் கோபம் எப்படி ஆறும்? பள்ளியில் இந்த மாதம் ஒன்றும் ஆகவில்லை. ஆகாமல் இருக்க வேண்டும் என்று தினமும் வாசலில் அவளை விட்டுவிட்டு வரும்போது வேண்டிக்கொள்கிறேன்.

இன்னொன்று. பத்து நாளாக ஒரு புது இருமல். எப்போதும் இருமுவதில்லை, கை கழுவும்போது மட்டும்தான். சோப்புப் போடுவாள், தேய்ப்பாள், பிறகு முகத்தை இடது தோள் பக்கம் திருப்பி, முழங்கையால் வாயை மூடி, இரண்டு தடவை இருமுவாள். "மன்னிச்சுக்கோ கண்ணு" என்பாள். யாரிடம் சொல்கிறாள் என்று தெரியவில்லை. அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டு போய்விடுவாள். குழந்தை மருத்துவரிடம் காட்டினேன். நெஞ்சு சுத்தமாக இருக்கிறது என்கிறார். எதற்கும் உனக்கு எழுதிவைக்கிறேன்.

கவனமாக இரு.

அக்கா

*

ஏப்ரல் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே. மழையில் பாதை சரிந்து லாரி மூன்று வாரம் வரவில்லை. வந்த பிறகும் நான்தான் எழுதாமல் இருந்தேன்.

அவள் இருமலைப் பற்றிப் பயப்படாதே. அது வியாதி இல்லை. தானாகப் போய்விடும்.

சரியாக இரண்டு தடவையா இருமுகிறாள்? இடது தோள் பக்கமா?

உன் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். அந்தப் பத்தி இருக்கும் இடம் நைந்துபோய்விட்டது. அவள் நன்றாக இருக்கிறாள் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. வேறு ஒன்றும் கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை.

முழங்காலுக்கு ஒத்தடம் கொடு.

தம்பி

*

ஏப்ரல் 15

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. எனக்கு வெட்கம் மட்டும்தான் கூடியிருக்கிறது. இதை உட்கார்ந்து ஒழுங்காக எழுதவேண்டும் என்று இன்று விடுப்பு எடுத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். போச்சு, மூன்றாவது பிள்ளை என்று நினைத்துக்கொண்டு ஓடினேன். டீச்சர் என்னை உள்ளே உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். தண்ணீர் கொடுத்தால் விஷயம் பெரிது என்று நினைத்தேன்.

"உங்க பொண்ணு இன்னைக்கு என்னை பயமுறுத்திட்டா" என்றார். ஒரு பையன் இவள் கட்டிக்கொண்டிருந்த வீட்டிலிருந்து சிவப்புக் கட்டையைப் பிடுங்கியிருக்கிறான். இவள் அவன் கையைப் பிடித்துவிட்டாள். வாயும் திறந்துவிட்டது. "நான் அந்தக் கோடியில இருந்தேன். ஓடினாலும் போய்ச் சேர முடியாதுன்னு தெரிஞ்சுபோச்சு. பல்லு அவன் கை மேல பட்டிருக்கும். அப்ப பாருங்க, மூஞ்சிய இப்படித் திருப்பினா. முழங்கைய வாயில வெச்சா. ரெண்டு தரம் இருமினா. 'மன்னிச்சுக்கோ கண்ணு'ன்னா. கைய விட்டுட்டா. அவ்வளவுதான்." டீச்சர் அதை எனக்குச் செய்தே காட்டினார். "இருபது வருஷமா பிள்ளைங்களோட இருக்கேன். வந்த கோபத்த இப்படித் திருப்பி வேற பக்கம் வெச்ச பிள்ளைய பாத்ததில்ல. யாரு சொல்லிக் கொடுத்தீங்க?"

நான் சொல்லிக் கொடுக்கவில்லை. புத்தகத்திலும் இல்லை. பத்து வரை எண்ணச் சொன்ன புத்தகம் அது.

அன்று சாயங்காலம் அடுப்படியில் இருக்கும்போது படுக்கையறையிலிருந்து ஒரு ஆண் குரல் கேட்டது. கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டே போனேன். கட்டிலுக்கு அடியிலிருந்து இரண்டு சின்னப் பாதங்கள் நீட்டிக்கொண்டிருந்தன. குனிந்து பார்த்தேன். குப்புறப் படுத்திருக்கிறாள். முன்னால் என் அச்சுப் புத்தகம் விரித்திருக்கிறது. பக்கத்தில் உன் டேப், முகம் கவிழ்த்துத் துண்டின் மேல். நீ படித்துக்கொண்டிருந்தாய். நீ "அடுத்த பக்கம், கண்ணு" என்றதும் அவள் காகிதத்தைப் புரட்டினாள்.

தம்பி, இப்போது உண்மையைச் சொல்கிறேன். அந்த டேப்பை வந்த அன்றே துண்டில் சுற்றி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். சாவியைப் பொத்தான் டப்பாவில் போட்டேன். நீ ஒவ்வொரு கடிதத்திலும் கேட்டாய், நான் வேறு எதையோ எழுதினேன். என் கொள்கைதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. பிள்ளைக்கு அப்பா குரலைப் பூட்டி வைத்தவள் நான்.

"எப்படிடி எடுத்த?" என்றேன். நாற்காலி போட்டு ஏறி, பொத்தான் டப்பாவைத் திறந்து, சாவி எடுத்து, அலமாரி திறந்து, கேட்டு முடித்தபின் சார்ஜ் போட்டு, நாலாக மடித்த துண்டில் சுற்றி, பூட்டி, சாவியைப் போட்டு, நாற்காலியைத் தள்ளி வைத்துவிடுவாளாம். ஜனவரியிலிருந்து இதுதான் நடக்கிறது. எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்க வேண்டும் என்று நான்தானே ஐந்தாம் பக்கத்தைப் படித்துப் படித்துச் சொல்லிக் கொடுத்தேன்? அதனால்தான் மூன்று மாதம் எனக்குத் தெரியவே இல்லை.

"ஏன் கவுத்து வெச்சிருக்க?" என்று கேட்டேன். "கண்ணு கெட்டுப்போகும்னு நீதான அத்தை சொன்ன" என்றாள். "காதுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

நாம் இருவரும் அச்சா டேப்பா என்று கடிதத்தில் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறோம். அவள் கண்ணுக்கு ஒன்று, காதுக்கு ஒன்று என்று கட்டிலுக்கு அடியில் தீர்த்து வைத்துவிட்டாள். ஒரு சாண் உடம்புக்குள் இத்தனை எங்கிருந்து வருகிறது என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்போது ஒன்பதாம் பக்கம் வந்தது. நீ இருமினாய். சத்தம் தள்ளிப் போய் அமுங்கிக் கேட்டது. "மன்னிச்சுக்கோ கண்ணு" என்றாய். அட, இதுதானா அந்த இருமல் என்று சிரித்துவிட்டேன். நீ முகத்தைத் திருப்பியதையும் வாயை மூடியதையும் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்திருக்கிறாள். எந்தப் பக்கம் திருப்பினாய் என்பது உனக்குத்தான் தெரியும். இடது பக்கமா என்று நீயே கேட்டிருந்தாயே. முழுவதும் கேட்க ஆசைதான், அடுப்பில் பால் பொங்கிவிட்டது.

அன்று தொண்டை கட்டியிருந்ததா உனக்கு?

அலமாரியை இனிப் பூட்டமாட்டேன். என்னை மன்னித்துக்கொள்.

அக்கா

*

மே 4

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன் கடிதத்தைப் படித்த அன்று இன்னும் நன்றாக இருந்தேன்.

உன்மேல் கோபமா எனக்கு? நீ பூட்டாமல் இருந்திருந்தால் அவள் சாதாரணமாகக் கேட்டுவிட்டுப் போயிருப்பாள். சாவி, நாற்காலி, பொத்தான் டப்பா என்று மூன்று மாதம் திருட்டுத்தனமாக ஏறி வந்து கேட்டிருக்கிறாளே, அந்தப் பாக்கியம் எனக்கு எப்படிக் கிடைத்திருக்கும்? இனிமேல் எதை அவளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டுமானாலும் பூட்டி வை.

அந்தச் சிவப்புக் கட்டை விஷயத்தைக் கரண்ட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு எழுந்து வெளியே போய்விட்டார்.

நான் அவளுக்கு எதையெல்லாமோ கற்றுக்கொடுக்க நினைத்து யோசித்து யோசித்துப் பதிந்தேன். அவள் எடுத்துக்கொண்டது நான் யோசிக்காமல் செய்ததை. நினைக்க நினைக்கப் பயமாகவும் இருக்கிறது, கும்பிட வேண்டும் போலவும் இருக்கிறது.

தொண்டை கட்டியிருந்தது, ஆமாம். இங்கே குளிர் அதிகம். சரியாகிவிட்டது.

உன் தம்பி

*

மே 16

தம்பிக்கு,

இன்று பள்ளியில் பிள்ளைகளுக்குப் புத்தகம் படித்துக் காட்டும் நாள். பெற்றவர்களும் வரலாம் என்றார்கள், போயிருந்தேன். டீச்சர் படிக்கப் போகும்போது கட்டெறும்பு எழுந்து, "நான் படிக்கறேன்" என்றாள். எழுத்துத் தெரியாத பிள்ளை. அலை அலையாக நிற்கும் அந்தப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

ஒரு சொல் தப்பவில்லை. உன் இழுப்பு, நீ மூச்சு வாங்கும் இடம், நாலாம் பக்கத்து நுரை சத்தம், எல்லாம் வந்தது. இருபத்தைந்து பிள்ளைகள் அசையாமல் உட்கார்ந்திருந்தன. டீச்சர் சுவரில் சாய்ந்துகொண்டார். நீ அந்த அறையில் இருந்தாய், தம்பி. ஒன்பதாம் பக்கத்தில் இரண்டு இருமல் வந்தது. பதினொன்றில் மூன்று. பதினான்கில் எத்தனை என்று நான் எண்ணவில்லை. முதல் இருமல்களுக்குப் பிள்ளைகள் சிரித்தன. அப்புறம் சிரிக்கவில்லை.

பதினாறாம் பக்கத்தில் கரடி தூங்கிவிட்டது. கதை முடிந்தது என்று டீச்சர் கை தட்டப் போனார். இவள் நிறுத்தவில்லை. உன் கரண்ட்டுக்காரர் போலக் குரலைக் கனமாக்கிக்கொண்டு சொன்னாள்: "ஏம்ப்பா, எத்தன மாசமா இப்படி இருமற? துணியில ரத்தம் வந்தத நான் பாக்கலன்னு நெனச்சியா? டாக்டர்கிட்ட போப்பா." பிறகு உன் குரலில்: "போறேன், போறேன். இத முதல்ல அனுப்பிடலாம். அடுத்த பக்கம், கண்ணு."

டேப்பை நிறுத்துவதற்கு முன்னால் இந்தப் பேச்சும் பதிந்துவிட்டிருக்கிறது. நீங்கள் இருவரும் கவனிக்கவில்லை.

அவள் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். பின்னட்டைதான் இருந்தது. என்னைப் பார்த்துக் கேட்டாள். எல்லார் முன்னாலும் கேட்டாள். "அத்தை, அப்பா டாக்டர்கிட்ட போற பக்கம் எங்க? யாரு கிழிச்சா?"

தினமும் கட்டிலுக்கு அடியில் அந்தப் பக்கத்தைத்தான் தேடியிருக்கிறாள். டேப்பிலும் இல்லை, காகிதத்திலும் இல்லை. நான் கிழித்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறாள். கிழித்தவளைத் திட்டக் கூடாது என்று இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள்.

நான் கேட்கிறேன். போனாயா, இல்லையா?

ஒவ்வொரு கடிதத்திலும் முதல் வரியில் நலம் என்று எழுதுகிறாய். அந்த வரியை இனிமேல் எழுதாதே.

அக்கா

*

ஜூன் 11

தம்பிக்கு,

இரண்டு லாரி வந்து போயிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. நாங்கள் எப்படி இருக்கிறோம் என்று எழுத எனக்கும் தெம்பில்லை.

இதோடு ஒரு வெற்றுக் காகிதம் வைத்திருக்கிறேன். புத்தகத்தின் அளவுக்கு அவளே வைத்துக் கோடு போட்டு வெட்டியது. ஒரு ஓரம் கோணலாகப் போய்விட்டது. திரும்ப வெட்டித் தருகிறேன் என்றேன், விடமாட்டேன் என்றாள்.

"கிழிஞ்ச பக்கத்த அப்பாவையே எழுதச் சொல்லு" என்றாள்.

எழுது.

அக்கா

*

ஜூலை 2

அக்கா,

முதல் வரியை எழுதவில்லை. நீ சொன்னபடி கேட்டிருக்கிறேன்.

உன் மே மாதக் கடிதம் வந்த அன்று அதைக் கரண்ட்டுக்காரரிடம் கொடுத்தேன். படித்தார். "நாலு வயசுப் பிள்ளைக்கு என் பேச்சு காதுல விழுது, உனக்கு விழல" என்றார். அப்போதும் நான் போகவில்லை. மருத்துவர் வேலையை நிறுத்தச் சொல்வார் என்று தெரியும். தெரிந்ததைக் கேட்க எதற்குப் போக வேண்டும் என்று இருந்துவிட்டேன். உனக்கு என்ன எழுதுவது என்றும் தெரியவில்லை. பொய் எழுதினால் நீ கண்டுபிடித்துவிடுவாய், அவளும் கண்டுபிடித்துவிடுவாள்.

பிறகு அந்தக் காகிதம் வந்தது. ஒரு எழுத்து இல்லாத காகிதம் என்னை இப்படி உட்காரவைக்கும் என்று நினைக்கவில்லை. பேனாவை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். நடக்காததை அதில் எழுதக் கை வரவில்லை. மறுநாள் லாரியில் ஏறிவிட்டேன். கரண்ட்டுக்காரரும் கூடவே வந்தார்.

எக்ஸ்ரே எடுக்கச் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். பையில் அந்தக் காகிதம் இருந்தது. எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். அதையும் வைத்துவிட்டு வா என்றார் அங்கே இருந்தவர். மடிக்காமல் மேசையில் வைத்துவிட்டுப் போனேன்.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார். நெஞ்சு முழுக்க வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. கல் தூசி என்றார். அன்று அந்தக் கல்லில் இலை பதிந்திருந்த மாதிரி, எனக்குள்ளே கல் பதிந்திருக்கிறது. படிந்தது போகாது, அக்கா. இதற்கு மேல் படியாமல் பார்த்துக்கொள்ளலாம். மருந்து இருக்கிறது, மாதா மாதம் பார்க்க வேண்டும், மலைக்குள் இனிப் போகவே கூடாது. "இன்னும் ஒரு வருஷம் கழிச்சு வந்திருந்தா நான் வேற மாதிரி பேசியிருப்பேன்" என்றார். யார் அனுப்பினார்கள் என்று கேட்டார். என் மகள் என்றேன். எத்தனை வயசு என்றார். சொன்னதும் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

வேலையை விட்டுவிட்டேன். அடுத்த வாரம் கிளம்புகிறேன். என்ன வேலை பார்ப்பது, எப்படி நடத்துவது என்பதையெல்லாம் வந்து பேசிக்கொள்வோம். நீ திட்டுவதற்கு இருப்பதையும் சேர்த்து வை.

பதினேழாம் பக்கத்தை எழுதி இதோடு வைத்திருக்கிறேன். கோணல் ஓரத்தை வெட்டாதே. டேப்பில் இதற்கு இடம் இல்லை, காகிதத்தில்தான் ஒட்ட முடியும். இந்த ஒரு விஷயத்தில் நீ ஜெயித்துவிட்டாய். பசை காயும் வரை அவளைப் புரட்டவிடாதே.

உன் தம்பி

*

அப்பா டாக்டரிடம் போனார்.
வாயைத் திறந்து காட்டினார். மூச்சை இழுத்து விட்டார்.
ஊசி வலித்தது. அப்பா யாரையும் கடிக்கவில்லை.
இருமல் வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டார். எப்படி என்று உனக்குத் தெரியும்.
இந்தப் பக்கத்தை யாரும் கிழிக்கவில்லை, கண்ணு. அப்பாதான் எழுதாமல் வைத்திருந்தார். அத்தையைக் கோபிக்காதே.
அப்பா அடுத்த வாரம் பஸ்ஸில் ஏறுவார்.
அடுத்த பக்கத்தை இன்னும் எழுதவில்லை. நான் வந்தபின் நாம் இரண்டு பேரும் எழுதலாம்.